கடல்நீர்த் தொட்டி அமைத்தலும் பேணுதலும்

கடலுக்கு அண்மையிலுள்ள கிராமங்களிலே பிள்ளைகள் வாளியிற் கடல்நீர் மொண்டு, அதனுட் சிறுமீனும் நண்டும் இட்டு வீட்டுக்குக் கொண்டுவருதல் வழக்கம். அன்று மாலைவரை அவை ஓடித்திரியும். மறுநாட் காலையில் நீர் வெண்மையாய்க் கலங்கி நாற்றமெடுக்கும். மீன்கள் வயிறு மேலாக மிதக்கும். உப்புக் குறைந்துவிட்டது என்று ஒருவரும், வெயில் பட்டுவிட்டது என்று மற்றொருவரும் காரணங் கூறுவர். பெரும்பாலும் இவ்விரண்டும் காரணமல்ல. அம்மீன்கள் தங்கள் கழிவிலே தாமே நஞ்சுண்டு இறந்தன என்பதே உண்மை.

பாடசாலைகளிலும் வீடுகளிலும் கடல்நீர்த் தொட்டி வைக்க விரும்புவோர் இப்பொழுது பலர் உளர். கரையோரத்திற் கமஞ்செய்யும் குடும்பங்களுக்கு நீரும் உயிரினமும் கைக்கெட்டிய தூரத்திலேயே இருக்கின்றன. ஆயினும் நெல்லும் மரக்கறியும் பற்றிக் கூறும் இவ்வெளியீட்டு வரிசையில் மீன்தொட்டிக்கு என்ன இடம் எனச் சிலர் வினவக்கூடும். அதற்கு விடை இரண்டு. தொட்டியை உயிருடன் வைத்திருப்பது தோட்டமண்ணிலே உரத்தைப் பயிருக்கேற்ற உணவாக மாற்றும் அதே வேலையாகும். ஆதலின் மண்ணை அறிந்த கமக்காரனுக்கு இது புதிய வித்தையன்று. மற்றையது, தொட்டியிலிருந்து அகற்றும் உப்புநீரைக் கண்டபடி ஊற்றினால் தோட்டமும் கிணறும் கெடும். அதனை எச்சரிக்கவேண்டிய கடமை நமக்குண்டு.

தந்தையின் தொட்டியும் மகனின் வயலும்

மீன்தொட்டியின் வரலாற்றிலே கமக்காரர் அறிந்திருக்க வேண்டிய செய்தியொன்றுண்டு. இலண்டன் மாநகரில் இரசாயன அறிஞராயிருந்த இறொபேட் உவோரிங்ரன் என்பவர், கண்ணாடித் தொட்டியொன்றிற் பொன்மீன்களையும் நீர்ச்செடியையும் இட்டு, நீரை மாற்றாமலே அவற்றை வாழச்செய்ய முயன்றார். செடியின் இலைகள் அழுகியதால் நீர் கெட்டது. அழுகிய இலையைத் தின்னும் நத்தைகளை இட்டபின் நீர் தெளிந்தது. இதனை 1850 ஆம் ஆண்டில் அவர் வெளியிட்டார். பின்பு கடல்நீரிலும் இதே முறையைச் செய்து பார்த்தார்.

அவருடைய மகன் பெயரும் இறொபேட் உவோரிங்ரன் என்பதே. மகன் மீன்தொட்டியில் ஈடுபடாது, இங்கிலாந்தின் உறொதம்ஸ்ரெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்திற் பணிபுரிந்தார். எருவிலுள்ள அமோனியா மண்ணிலே நைத்திரேற்றாக மாறுவது எவ்வாறு என்பதே அவர் பல்லாண்டுகள் ஆராய்ந்த பொருள். இம்மாற்றம் வெறும் இரசாயன நிகழ்ச்சியன்று, நுண்ணுயிர்களின் செயல் என்பதை 1877 இற் பிரான்சு நாட்டு அறிஞர் இருவர் காட்டியிருந்தனர். மகன் உவோரிங்ரன் அவ்வேலை இரு படிகளில் நடைபெறுகின்றது எனக் கண்டார். முதலிலே அமோனியா நைத்திரைற்று ஆகின்றது; பின்பு நைத்திரைற்று நைத்திரேற்று ஆகின்றது. படிக்கொரு வகைப் பற்றீரியா உண்டு. 1890 ஆம் ஆண்டளவில் உருசிய அறிஞரான வினோகிராட்சுக்கி அப்பற்றீரியாக்களைப் பிரித்தெடுத்து வளர்த்தார்.

தந்தையின் தொட்டி எதனால் நிலைத்தது என்பதற்கு முழு விளக்கம் மகனின் வயலாராய்ச்சியிலேதான் கிடைத்தது என்று கூறலாம். மீனின் செவுளாலும் கழிவாலும் வெளிப்படுவது அமோனியா. உண்ணாது விட்ட இரையும் செத்த உயிரும் அழுகும்போது வெளிப்படுவதும் அதுவே. மிகச் சிறிதளவிலும் அது மீனுக்கு நஞ்சு. நைத்திரைற்றும் தீயதே, ஆயினும் கடல்நீரில் அதன் வேகம் சற்றுத் தணிந்திருக்கும். நைத்திரேற்றோ மிகுந்தாலன்றி மீனை வருத்தாது. எனவே தொட்டி வைத்தல் என்பது முதற்கண் இப்பற்றீரியாக்களை வளர்த்தலேயாம். மீன் வளர்த்தல் அதன் பின்னரே.

சுண்ணாம்புத் தன்மை மிகுந்த மண்ணில் யூரியாவை மேலே தூவிவிட்டால் அதிற் பெரும்பகுதி அமோனியா வாயுவாய்ப் பறந்துபோகும் என்பதைக் கமக்காரர் அறிவர். காரத்தன்மை கூடக்கூட அமோனியா அதன் கொடிய வடிவத்தை எடுக்கின்றது. கடல்நீர் இயல்பாகவே காரத்தன்மையுடையது. ஆதலால், கிணற்றுநீர்த் தொட்டியிற் பொன்மீன் பொறுத்துக்கொள்ளும் அழுக்கைக் கடல்மீன் பொறுக்கமாட்டாது.

தொட்டியும் மணற்படுக்கையும்

சிறிய தொட்டியைப் பேணுதல் எளிது என்பது தவறான எண்ணம். நீர் குறையுந்தோறும் வெப்பமும் உப்பும் விரைவில் ஏறியிறங்கும். 3 அடி நீளமும், 1½ அடி அகலமும், 1½ அடி உயரமும் உள்ள கண்ணாடித்தொட்டி தொடக்கத்துக்கு ஏற்றது. மணலும் கல்லும் போக ஏறக்குறைய 150 லீற்றர் நீர் இதிற் கொள்ளும். நிறைந்த தொட்டி கால் தொன்னுக்கு மேற் பாரமுடையதாதலின், மரமேசையை நம்பாது சீமெந்துக்கல் அடுக்கிய மேடையில், தொட்டியின் அடி முழுவதும் படியுமாறு வைத்தல் வேண்டும். இடம் வீட்டின் நிழலான பக்கமாயிருக்கட்டும். மேற்குச் சாளரத்தின் அருகில் வைத்த தொட்டி வைகாசி மாதத்தில் தப்பாது. நீரின் வெப்பம் 26 தொடக்கம் 29 பாகைச் சதமவளவில் நிற்றல் நன்று. வெப்பமேற நீரிற் கரையும் ஒட்சிசன் குறையும். அதன்மேலும், கடல்நீர் நன்னீரிலும் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு குறைவாகவே ஒட்சிசனைக் கொள்ளும்.

செம்பு, பித்தளை, நாகமுலாம் பூசிய இரும்பு ஆகியவை நீரிற் படலாகாது. செம்பு இறாலுக்கும் நண்டுக்கும் நத்தைக்கும் கொடிய நஞ்சாகும்.

இனி மணற்படுக்கை. வெள்ளம் நிற்கும் வயலின் சேற்றிலே காற்றில்லை. அங்கு மேற்கூறிய பற்றீரியாக்கள் வேலை செய்யா. இக்காரணத்தினாலேயே நெல்லுக்கு நைத்திரேற்று உரமிடாது அமோனியம் சல்பேற்றும் யூரியாவும் இடுகின்றோம். மேட்டுநிலத் தோட்டத்தில் மண்ணினூடே காற்றுப் புகுவதால் அப்பற்றீரியாக்கள் நன்கு வேலை செய்கின்றன. தொட்டியின் மணல் வயற்சேறு போலாகாது, கொத்திப் பதப்படுத்திய தோட்டமண் போல இருத்தல் வேண்டும் என்பதே இதனாற் பெறப்படுவது.

அதற்கு எளிய முறையொன்றுண்டு. துளைகள் நிறைந்த பிளாத்திக்குத் தட்டொன்றைத் தொட்டியின் அடியிலிருந்து ஒரு விரலளவு உயர்த்தி வைத்து, அதன்மேல் நுளம்புவலையை இரண்டாக மடித்து விரித்து, வலையின்மேல் 3 அங்குல ஆழத்துக்குப் பருமணல் பரப்புக. தட்டின் ஒரு மூலையில் நிமிர்ந்த குழாயொன்றைப் பொருத்தி, அதனுட் காற்றுப் பம்பியின் மெல்லிய குழாயை இறக்குக. காற்றுக்குமிழிகள் மேலெழும்போது தட்டின் கீழுள்ள நீரையும் உடன் தூக்கிச் செல்லும். அவ்விடத்தை நிரப்ப மேலுள்ள நீர் மணலினூடே இறங்கும். இங்ஙனம் ஒட்சிசனுள்ள நீர் இரவும் பகலும் மணலை ஊடறுத்துச் செல்லும். மணல், கடுகினும் பெரிதாய் நெல்மணியினும் சிறிதாய் இருத்தல் நன்று. கரையோர மணலை அள்ளுதல் கட்டுப்பாட்டுக்குட்பட்டதாதலின், கட்டடவேலைக்கு விற்கப்படும் ஆற்றுமணலைச் சல்லடையில் அரித்து, நீர் தெளியும்வரை கழுவி உபயோகிக்கலாம்.

மீன் ஒளித்திருப்பதற்குக் கல் வேண்டும். முருகைக்கல்லை எடுத்தலும், வைத்திருத்தலும், கொண்டுசெல்லுதலும் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தால் தடுக்கப்பட்டவை. உயிருள்ளதாயினும் செத்ததாயினும் அதனைத் தொடவேண்டாம். யாழ்ப்பாணப் பகுதியிற் காணி கிண்டும்போது வெளிப்படும் துளைபட்ட சுண்ணாம்புக்கல் இதற்குப் போதும். அதன் துளைகளெல்லாம் பற்றீரியாக்களுக்கு வீடாகும். மருந்தடித்த தோட்டத்தின் கல்லைத் தவிர்த்து, மண்போகத் தேய்த்துக் கழுவி, சில நாட்கள் நீரில் ஊறவைத்து அந்நீரைக் கொட்டிவிட்டுப் பயன்படுத்துக.

நீர் எடுத்தல்

கடல்நீர் ஒரு லீற்றரில் ஏறக்குறைய 35 கிராம் உப்புண்டு. விதைநெல் தெரிவதற்கு முட்டை மிதக்குமளவும் உப்புக் கரைப்பது போல இதனையும் முட்டையால் அளக்கலாமென எண்ணவேண்டாம். கடல்நீர் அத்துணைச் செறிவுடையதன்று. புதுமுட்டை அதில் அமிழ்ந்துவிடும். மீன்தொட்டிப் பொருள் விற்கும் கடைகளில் இதற்கென நீரடர்த்திமானி உண்டு. அதில் 1.023 தொடக்கம் 1.026 வரை காட்டுதல் வேண்டும்.

நீரைத் திறந்த கடலிலே, அலையடித்துத் தெளிந்துள்ள இடத்தில் எடுத்தல் வேண்டும். களப்புநீர் இதற்கு ஏற்றதன்று. மாரி மழையில் வயல்வெள்ளமெல்லாம் களப்பை அடைவதால் அதன் உப்புக் குறைந்துவிடும். ஆவணி, புரட்டாதிக் கோடையிலோ ஆழங்குறைந்த களப்பின் நீர் வற்றிக் கடலினும் உப்புக் கூடிவிடும். ஆற்றுமுகம், துறைமுகம், வயல்வாய்க்கால் விழும் இடம் ஆகியவற்றையும் விலக்குக. வாய்க்கால் வழியே வருவன நாம் வயலில் இட்ட யூரியாவும் அடித்த மருந்துமே. காலபோக அறுவடை முடிந்து, வடகீழ்ப் பருவக்காற்று ஓய்ந்து கடல் அடங்கியிருக்கும் காலம் தொடங்குவதற்கு நல்லது.

நீர் கொண்டுவரும் பாத்திரத்தைப் பற்றிச் சற்று வற்புறுத்திக் கூறவேண்டியுள்ளது. கமக்காரர் வீட்டில் வெறுங்கலன் என்றால் அது பெரும்பாலும் கிருமிநாசினியோ களைநாசினியோ வந்த கலனாகவே இருக்கும். எத்தனை முறை கழுவினும் அதில் நஞ்சு எஞ்சியிருக்கும். பூச்சியைக் கொல்லும் மருந்து இறாலையும் நண்டையும் முதலிற் கொல்லும். பூச்சியும் இறாலும் ஒரே பெருங்குலத்தைச் சேர்ந்தவை. இதனை எழுதுபவரும் முதன்முறை தொட்டி வைத்தபோது, அத்தகைய கலனொன்றைச் சவர்க்காரமிட்டு நாலைந்து தரம் கழுவிவிட்டோமென்ற துணிவில் நீர் கொண்டுவந்தார். மாலையில் விட்ட கூனி இறால்களில் ஒன்றாவது விடியும்வரை உயிரோடிருக்கவில்லை. உணவுப்பொருள் வந்த கலனை, அல்லது புதுக்கலனை மட்டுமே கொள்க. மருந்து தெளித்த அன்றும், போர்டோக் கலவை கலக்கிய அன்றும் தொட்டியினுட் கையிடவேண்டாம்.

கொண்டுவந்த நீரைத் துணியில் வடித்து, மூடி, இருளான இடத்தில் இரண்டு வாரம் வைத்திருக்க. அதிலுள்ள கண்ணுக்குப் புலனாகாத சிற்றுயிர்கள் இறந்து அடியிற் படியும். மேலே தெளிந்த நீரை மாத்திரம் ஊற்றி எடுக்கலாம்.

காத்திருத்தல்

தொட்டியில் மணலிட்டு, கல் அடுக்கி, நீர் நிரப்பி, காற்று ஓடவிட்ட அன்றே மீனை விடுவோர் பலர். உழாத நிலத்தில் நாற்று நடுவோர் உண்டோ? அழுகச்செய்யும் சாதாரணப் பற்றீரியா அரைமணி நேரத்தில் இரட்டிக்கவல்லது. அமோனியாவை மாற்றும் பற்றீரியா இரட்டிப்பதற்கோ ஒரு நாள் போலச் செல்லும். ஆகவே மணற்படுக்கை பழுப்பதற்கு நான்கு தொடக்கம் ஆறு கிழமைகள் ஆகும். இதனைப் பணங்கொடுத்தும் அவசரப்படுத்தியும் சுருக்கிவிட எண்ணுதல் நட்டத்தையே தரும்.

அக்காலத்திற் பற்றீரியாக்களுக்கு உணவு வேண்டும். உரித்த இறால் ஒன்றை நுளம்புவலைத் துண்டிற் கட்டித் தொட்டியினுள் விடுக. அது அழுகி அமோனியாவைத் தரும். பாலுக்கு உறைமோர் இடுவது போல, பழுத்த தொட்டி வைத்திருப்பவரிடம் ஒரு பிடி மணல் வாங்கி இட்டால் வேலை விரையும். அங்ஙனம் கிடைக்காதவிடத்து, பின்னர் விடப்படும் ஊரிகளின் ஓட்டிலும் வேண்டிய பற்றீரியா ஒட்டிவரும். முதற் கிழமைகளில் நீர் வெண்மையாய்க் கலங்குவதும், நாற்றம் எழுவதும், கல்லிற் பழுப்புநிறப் பாசி படர்வதும் இயல்பு. அமோனியாவும் நைத்திரைற்றும் அளக்கும் சோதனைமருந்துகள் கடைகளில் உண்டு; இச்செலவில் மட்டும் சிக்கனம் பார்க்கவேண்டாம். முதலில் அமோனியா ஏறியிறங்கும். அதன்பின் நைத்திரைற்று ஏறியிறங்கும். இரண்டும் இல்லையென்று சோதனை காட்டி ஒரு கிழமை கழிந்த பின்னரே தொட்டி உயிர்களுக்கு ஆயத்தமானதாகும்.

எவற்றைப் பிடிப்பது, எவற்றை விடுவது

முதலிற் செல்லவேண்டியவை ஊரிகளும், வெற்றுச்சங்கினுட் புகுந்து வாழும் சிறு நண்டுகளுமே. ஊரி பாசியை மேயும். சங்குநண்டு சிந்திய இரையைத் தின்னும். தந்தை உவோரிங்ரனின் நத்தைகள் செய்த வேலையை இங்கு இவை செய்யும். ஏழெட்டு ஊரியும் நாலைந்து சங்குநண்டும் போதும். நண்டுகள் வளர வளர மாறிக்கொள்வதற்குச் சற்றுப் பெரிய வெற்றுச்சங்குகள் சிலவற்றையும் இட்டுவைக்க. சங்கு இல்லாவிடின் ஒன்றையொன்று கொன்று சங்கைப் பறிக்கும்.

இரண்டு கிழமை கழித்து மீன் விடலாம். ஒரு தரத்தில் ஒன்று அல்லது இரண்டுக்கு மேல் வேண்டாம். கற்களினிடையே வாழும் சிறு உளுவை வகைகள் மிகவும் பொறுமையுடையவை. ஆழங்குறைந்த குட்டைகளிற் பழகியவையாதலால் உப்பும் வெப்பமும் சற்று மாறினும் தாங்கும். திருக்கோணமலை போன்ற பாறைக்கரைகளில், முதுகு மஞ்சளாய் உடலில் ஐந்து கருங்கோடுகளுடன் கூட்டமாய்த் திரியும் சிறுமீனும் வலியது. ஆனால் வளர்ந்தபின் பிறமீனைக் கடித்துத் துரத்தும். அதனைக் கடைசியில் விடுதல் நன்று. இத்தொட்டிக்கு விரல் நீளமான மீன் நான்கு, மிஞ்சினால் ஐந்து. பத்துப் பேருக்குரிய வீட்டில் நூறு பேரை இருத்தினால் எது நிகழுமோ அதுவே ஆறாவது மீனுக்குப் பின் நிகழும்.

விடக்கூடாதவை பல. கடற்குதிரை உயிருள்ள நுண்ணிரையன்றி வேறொன்றும் எளிதில் உண்ணாது மெலிந்து சாகும். கடலனிமனிக்கு நீண்டநாட் பழுத்த தொட்டியும் வலிய ஒளியும் வேண்டும். அது செத்தால் ஓரிரவில் தொட்டி முழுவதையும் கெடுக்கும். பேத்தை ஊரியையும் நண்டையும் உடைத்துத் தின்னும். கடலட்டை நோவுற்றால் நஞ்சு கக்கும். அதனைப் பிடிப்பதற்கு அனுமதிப்பத்திரமும் வேண்டும். திரளிக்குஞ்சு அழகாயிருப்பினும் ஓடித்திரியும் இனமாதலின் 3 அடித் தொட்டி அதற்குச் சிறையாகும்.

பிடிக்கும்போது உயிராபத்தும் உண்டு. கல்மீன் கல்லைப்போலவே கிடக்கும். அதன் முள் தைத்தால் தாங்கொணா வேதனை உண்டாகும். ஓராவின் முள்ளும் நஞ்சுடையது. கூம்பு வடிவான அழகிய சங்கினுள் வாழும் நத்தை ஊசிபோலக் குத்தி மனிதரையும் கொல்லவல்லது. ஆதலின் தடித்த அடியுள்ள செருப்பின்றிக் கடலில் இறங்கலாகாது. அறியாத சங்கையும் சிறு கணவாயையும் கையால் எடுக்கலாகாது. மீன்முள் தைத்த இடத்தைத் தாங்கக்கூடிய சூடுள்ள நீரில் அமிழ்த்தினால் வேதனை தணியும். எதுவாயினும் தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்க.

வற்று நேரத்திற் பாறைக்குட்டைகளிற் கைவலையால் பிடிப்பதே சிறந்த முறை. புரட்டிய கல்லை முன்போலவே திருப்பி வைத்துவிடுக. அதன் அடியில் ஒட்டியிருந்த உயிர்கள் வெயிலில் ஒருமணி நேரமும் தாங்கா. வீச்சுவலையில் அகப்பட்ட மீன் செதில் இழந்து பின்னர் நோயுறும். கரைவலை இழுக்குமிடத்தில் சம்மாட்டியாரிடம் கேட்டால், விலைபோகாது மணலில் எறியப்படும் குஞ்சுகளில் உயிரோடுள்ள சிலவற்றைத் தருவார். எப்படியும் சாகவிருந்தவை அவை. கடலுக்கு இதனால் ஒரு குறையுமில்லை.

சட்டத்தை அறிந்திருத்தலும் வேண்டும். 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல் வளங்கள் சட்டமும், 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க வனசீவராசிகள், தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் பல இனங்களைக் காக்கின்றன. புறாத்தீவு, இக்கடுவை போன்ற கடல்சார் தேசியப் பூங்காக்களில் எதனையும் எடுத்தல் குற்றம். விற்பனைக்காகப் பிடித்தல் வேறு விஷயம். இத்துண்டுப்பிரசுரம் அதனைப் பற்றியதன்று. வீட்டுத் தொட்டிக்காயினும் பகுதிக் கடற்றொழிற் பரிசோதகரிடம் முன்கூட்டிக் கேட்டறிந்த பின்னரே பிடிக்கவேண்டும்.

கொண்டுவந்த மீனை உடனே தொட்டியில் விடாது, வேறொரு பாத்திரத்திற் காற்றோட்டத்துடன் இரண்டு மூன்று கிழமை வைத்துப் பார்க்க. உடலில் உப்புத் தூவியது போன்ற வெண்புள்ளிகள் தோன்றின் அது தொற்றுநோய். கடைகளில் இதற்கு விற்கும் மருந்துகள் பலவற்றிற் செம்பு உண்டு. அவற்றை இத்தனிப் பாத்திரத்திலன்றி ஊரியும் நண்டும் உள்ள தொட்டியில் இடலாகாது. நலமான மீனையும் ஒருமணி நேரம் தொட்டிநீரைச் சிறிது சிறிதாகக் கலந்து பழக்கியபின் விடுக.

நாளாந்த வேலை

இரை நாளுக்கு ஒருமுறை போதும். சிறிதாய் அரிந்த இறால், மட்டித்தசை, கூனி என்பவற்றை இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்குமளவு மாத்திரம் இடுக. கிழமையில் ஒருநாள் இரையின்றி விட்டாற் கேடில்லை. பட்டினியால் இறந்த தொட்டிமீனிலும் மிகையிரையால் இறந்தவையே அதிகம்.

தொட்டிநீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. ஆனையிறவு உப்பளத்தின் இரகசியமும் இதுவே. இத்தொட்டியில் நீர் ஓரங்குலம் இறங்கினாற் போனது ஏறக்குறைய 10 லீற்றர் நன்னீர். லீற்றருக்கு 35 கிராமாயிருந்த உப்பு 37 கிராமுக்கு மேலாகிவிடும். ஆதலின் நீர்மட்டத்தைக் கண்ணாடியிற் கோடிட்டு வைத்து, தினமும் நன்னீரால் அக்கோடுவரை நிரப்புக. குறைந்த நீருக்குக் கடல்நீரை ஊற்றுதல் தொடக்கக்காரர் செய்யும் பெரும்பிழை.

எந்த நன்னீர் என்பதும் கேள்வி. வலிகாமத்தின் தோட்டக் கிணறுகள் பலவற்றில், மிகையாக இட்ட உரம் சுண்ணாம்புக்கல்லினூடே கசிந்திறங்கியதால், நைத்திரேற்று குடிநீருக்குரிய எல்லையைக் கடந்துள்ளது. தினமும் அந்நீரை ஊற்றினால் நைத்திரேற்று தொட்டியிற் சேர்ந்துகொண்டே போகும். பச்சைப்பாசி எல்லாவற்றையும் மூடும். கைக்குழந்தைக்கு ஆகாத நீர் மீனுக்கும் ஆகாது. ஓட்டுக்கூரையில் முதன்மழை கழுவிச் சென்றபின் பிடித்த மழைநீரே சிறந்தது. நாகத்தகட்டுக் கூரையின் நீர் வேண்டாம். குழாய்நீராயின் குளோரீன் நீங்கும்படி ஓரிரு நாள் திறந்து வைக்க.

மின்சாரம் நின்றால் மணலிலுள்ள பற்றீரியாக்கள் சில மணிநேரத்துள் மூச்சுத் திணறும். மின்கலத்தில் இயங்கும் சிறு காற்றுப்பம்பி ஒன்றை ஆயத்தமாக வைத்திருத்தல் நலம். அஃதில்லையேல் செம்பல்லாத குவளையொன்றால் நீரை மொண்டு ஓரடி உயரத்திலிருந்து மீண்டும் தொட்டியிலேயே ஊற்றிக்கொண்டிருக்க வேண்டும். மீன்கள் மேல்மட்டத்தில் வாய்பிளந்து நிற்பின் ஒட்சிசன் போதாது, அல்லது அமோனியா ஏறிவிட்டது எனக் கொள்க. இரண்டுக்கும் உடனடிப் பரிகாரம் நீரில் ஒரு பங்கை மாற்றுவதே.

கழித்த நீரை எங்கே ஊற்றுவது

இரண்டு கிழமைக்கு ஒருமுறை தொட்டிநீரிற் பத்திலொரு பங்கை, அதாவது 15 லீற்றரை, நீக்கிப் புதுக்கடல்நீர் விடவேண்டும். நீக்கிய நீரில் அரைக் கிலோவுக்குச் சற்று மேற்பட்ட உப்பு உண்டு. ஒரு வருடத்தில் இது 13 கிலோவுக்கு மேலாகும். அடுக்களைப் பக்கத்து வாழைப்பாத்தியிலோ கிணற்றடியிலோ தினசரிக் கழிநீர் போல இதனை ஊற்றிவந்தால் நிகழ்வதைக் கடற்கரையோரக் கமக்காரருக்கு எடுத்துக்கூற வேண்டியதில்லை. போஞ்சியும் வெங்காயமும் முதலிற் கருகும். இலைநுனி எரிந்ததைக் கண்டு பொட்டாசு போதாதென்று எண்ணி உரமிடுவாரும் உளர். சுண்ணாம்புக்கல் நிலத்தில் மேலே ஊற்றியது கிணற்றை அடைய நெடுநாட் செல்லாது. தென்னை உப்பைத் தாங்கும் என்பது உண்மையாயினும் ஒரே மரத்தடியில் தொடர்ந்து ஊற்றுதல் கூடாது.

நீர் எடுக்கச் செல்லும்போது அதே கலன்களிற் பழைய நீரையும் கொண்டுசென்று, வெறுங் கடற்கரை மணலில், அலைபடும் கோட்டுக்கு மேலே ஊற்றிவிடுதல் எளிய வழி. மணலில் வடிந்து உலரும்போது அதிலுள்ள நோய்க்கிருமிகள் கடலை அடையா.

தொட்டியைக் கைவிட நேர்ந்தால், பிடித்த அதே கரையில் நலமான உயிர்களை மட்டும் விடலாம். கடையில் வாங்கிய பிறநாட்டு மீன் ஒருமுறையேனும் அத்தொட்டியில் இருந்திருப்பின் எதனையும் கடலில் விடலாகாது. இந்து, பசிபிக் சமுத்திரங்களுக்குரிய சிங்கமீன் 1985 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் புளோரிடாக் கரையிற் காணப்பட்டது. தொட்டி வைத்திருந்தோர் விட்டதே அதற்குக் காரணமெனக் கருதப்படுகின்றது. இன்று அது கரிபியன் கடலெங்கும் பரவி உள்நாட்டு மீன்குஞ்சுகளைத் தின்றழித்து வருகின்றது. வயலிற் சல்வீனியாவைக் கண்ட நமக்கு இதன் பொருள் விளங்கும்.

பிடித்தல் பற்றிய அனுமதி விபரங்களைப் பகுதிக் கடற்றொழிற் பரிசோதகரிடமும், தோட்டத்திலோ கிணற்றிலோ உப்பு ஏறியதாக ஐயமிருப்பின் மண், நீர்ச் சோதனை பற்றிய விபரங்களை விவசாயப் போதனாசிரியரிடமும் கேட்டறியலாம். சோதனைக்குத் தரும் நீரைச் சுத்தமான போத்தலில், அதே கிணற்றுநீரால் மும்முறை அலசியபின் நிரப்பி, எடுத்த நாளை எழுதி ஒட்டிக் கொடுக்கவேண்டும்.